ஒரே கடை, இரண்டு சாப்பாடு: ஓர் அரபு உணவகத்தில் சொதப்பிய இரவும் தேறிய மதியமும்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் நான்கு பேர் ஓர் அரபு உணவகத்துக்குப் போனோம். சாப்பாடு தேறவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், அதே நான்கு பேர் அதே கடைக்குப் போனோம். அன்றைக்குத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. சமையற்கட்டு அதேதான், சமைத்தவரும் அதே அம்மாதான். அப்படியென்றால் எது மாறியது? அதைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

கடையும் நாங்களும்

கடை நகரத்துக்குள் ஒரு குடியிருப்புப் பகுதியில், ஒரு சலவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இருக்கிறது. ஒன்பது மேசை. பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் ஒரு ஆலிவ் மரப் படம், மூலையில் சத்தத்தைக் குறைத்துவிட்ட டிவி. கண்ணாடிக்குப் பின்னால் ஷவர்மா கம்பி சுழல்கிறது. மேசையில் லேமினேட் செய்த மெனு அட்டை, நான்கு பக்கம், எழுபதுக்கு மேல் பெயர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரும்பலகை. அதில் சாக்பீஸால் அரபியில் ஏதோ இரண்டு வரி. வெள்ளிக்கிழமை இரவு எங்களில் ஒருவர்கூட அந்தப் பலகை பக்கம் திரும்பவில்லை. இந்தக் கதையில் பாதி அந்த இரண்டு வரிதான்.

நாங்கள் என்றால் நான், அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒன்பது வயது மகள். அண்ணனுக்குக் காரம் வேண்டும். அண்ணிக்கு எண்ணெய் ஆகாது. குழந்தைக்குத் தெரிந்த பொருள் எதுவும் தெரியாத நிறத்தில் வரக்கூடாது. எனக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் ருசி பார்த்துவிடவேண்டும் என்கிற கெட்ட பழக்கம்.

வெள்ளி இரவு

ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம். நல்ல கூட்டம், நல்ல பசி. ஆளுக்கு இரண்டு என்று எட்டு ஐட்டம் சொன்னோம்: கொண்டைக்கடலை விழுதான ஹம்முஸ், சுட்ட கத்திரிக்காயில் செய்கிற முதப்பல், ஃபத்தூஷ் சாலட், வடை மாதிரியான ஃபலாஃபில், கோழி ஷவர்மா தட்டு, கலவை கிரில், ஆட்டு மந்தி, குழந்தைக்குப் பொரித்த உருளைக்கிழங்கு. சர்வர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

முதலில் ரொட்டி வந்தது, சூடாக, உப்பிப்போய். கூடவே ஹம்முஸும் முதப்பலும். பசி வேகத்தில் ரொட்டியைக் கிழித்துக் கிழித்துத் தொட்டுத் தின்றோம். கூடை காலியானது, கேட்காமலே இன்னொரு கூடை வந்தது, அதுவும் காலி. அப்புறம் மீதி ஆறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து இறங்கின. மேசையில் தண்ணீர் டம்ளர் வைக்க இடமில்லை. குழந்தை தன் டம்ளரை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஹம்முஸ் குளிர்ந்து இறுகி இருந்தது, ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தது போல. மந்தி சோறு ஓரங்களில் வறண்டு கிடந்தது. கிரில் மோசமில்லை, ஆனால் அது வரும்போது யாருக்கும் வயிற்றில் இடமில்லை. அண்ணன் இரண்டு வாய் மந்தி சாப்பிட்டுவிட்டு, “உப்பு இருக்கு, ஒறப்புதான் இல்ல” என்றார். அண்ணி, “தம்பி, இதெல்லாம் நீதானே சொன்ன?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார், சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. குழந்தை உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் தின்று முடித்துவிட்டுத் தூங்கி விழுந்தது. மேசையில் வந்ததில் ஏறக்குறைய பாதி பொட்டலமாக வீட்டுக்கு வந்தது.

அன்று எல்லோரும் மனதாரப் பாராட்டியது ஒன்றை மட்டும்தான்: ஷவர்மாவோடு வந்த வெள்ளைப் பூண்டு விழுது. அண்ணன் அதை மயோனைஸ் என்றே நினைத்தார். இல்லை, அது தூம். பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், அவ்வளவுதான். முட்டையே இல்லாமல் பூண்டின் விழுதே எண்ணெயைப் பிடித்து நிறுத்தி வெண்ணெய் மாதிரி ஆக்கிவிடும். ஆனால் எண்ணெயை நூல் போல, சொட்டுச் சொட்டாக விட்டு அடிக்கவேண்டும். அவசரப்பட்டால் திரிந்து, எண்ணெய் தனி பூண்டு தனி என்று ஆகிவிடும். அதை ஒழுங்காகச் செய்கிற சமையற்கட்டு மோசமான சமையற்கட்டாக இருக்க வழியில்லை. இந்த எண்ணம்தான் என்னை இரண்டாம் முறை அங்கே இழுத்துப் போனது.

எங்கே தவறினோம்

முதல் தவறு, கடிகாரம். இதுதான் பெரிய தவறு என்பது என் முடிவு.

அரபு நாடுகளில் பல இடங்களில் வீட்டின் பெரிய சாப்பாடு மதியச் சாப்பாடுதான். கதா என்பார்கள். சோறு, இறைச்சி, குழம்பு எல்லாம் அப்போதுதான். இரவுச் சாப்பாடு, அதாவது அஷா, பல வீடுகளில் இலேசானது: ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆலிவ், முட்டை. ஹம்முஸோ இன்னும் முன்னால் வருகிற ஆள். லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கமெல்லாம் ஹம்முஸும், ஃபாவா பீன்ஸ் என்கிற அவரை வகையில் செய்கிற ஃபூலும் விற்கிற கடைகள் விடியற்காலையில் திறந்து, பல கடைகள் மதியத்துக்குள் மூடிவிடும். வெந்த கொண்டைக்கடலையை அரைத்து, எள் விழுதான தஹினி சேர்த்து, சூடு ஆறுவதற்குள் மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். காலை ஆகாரத்தை இரவு ஒன்பதரைக்குக் கேட்டால் ஃபிரிட்ஜிலிருந்துதானே வரும்? குளிரில் தஹினி இறுகும், எலுமிச்சையின் துள்ளல் அடங்கிவிடும்.

மந்திக்கும் இதே கதி. அது ஒரே ஈடாகச் சமைத்து, ஒரே ஈடாகத் தீரவேண்டிய சாப்பாடு. மதியம் வெந்த சோற்றைக் கெடாமல் வைக்க 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டிலேயே வைத்திருக்கவேண்டும். ஆறவிட்டால் சோற்றில் கிருமி பெருகி வாந்தியில் கொண்டுபோய் விடும். ஆக, கடை சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்காகக் கிடந்தால் சோறு ஈரம் போய் வறண்டுவிடும். ஒன்பதரை மணிக்கு நாங்கள் சாப்பிட்டது பத்திரமான சோறு, ஆனால் உயிர் போன சோறு.

இரண்டாவது, மெனு அட்டை. அரபு நாடுகளின் கூட்டமைப்பில் 22 நாடுகள் இருக்கின்றன. மொராக்கோவின் கூஸ்கூஸும் ஏமனின் மந்தியும் ஒரே ‘அரபுச் சாப்பாடு’ என்ற பெயருக்குள் அடைபடுவது கடைக்கு வசதி, உண்மைக்கு அவ்வளவு வசதியில்லை. எங்கள் கடையின் அட்டையில் லெபனான் மெஸ்ஸே (சின்னச் சின்னத் தட்டுகள்), ஏமன் மந்தி, சவூதி கப்சா, எகிப்து குஷரி, எல்லாம் வரிசையாக இருந்தன. எந்தச் சமையற்கட்டுக்கும் எழுபது தாய்வீடு இருக்காது.

மந்தியையே எடுத்துக்கொள்வோம். அது ஏமனின் ஹதரமவுத் பகுதியிலிருந்து வந்தது. தரைக்குள் தோண்டிய தந்தூர் அடுப்பில் கீழே சோறு, மேலே இறைச்சி, வாயை மூடிவிடுவார்கள். இறைச்சியிலிருந்து சொட்டுகிற கொழுப்பும் சாறும் சோற்றில் இறங்கும், கூடவே புகையும். நதா என்றால் பனித்துளி. அந்த ஈரத்திலிருந்துதான் பெயரே வந்தது என்பார்கள். இந்தக் குழி இல்லாத கடைகளில் பல, சோற்றையும் இறைச்சியையும் தனித்தனியாக வேகவைத்து, ஒரு கிண்ணத்தில் கனலும் கரித்துண்டை வைத்து, அதன்மேல் எண்ணெய் விட்டு மூடிப் புகை ஏற்றும். கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் செய்கிற சமையல் அது. எங்கள் கடையின் அம்மா பாலஸ்தீனத்துக்காரர். அவரிடம் போய் மந்தி கேட்டது, வீணைக்காரரிடம் மிருதங்கம் வாசிக்கச் சொன்ன கதை.

மூன்றாவது, ரொட்டி. இதை விளக்க அதிகம் வேண்டாம். மெஸ்ஸே என்பது நீண்ட நேரம் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, சின்னச் சின்னத் தட்டுகளாகக் கொறிப்பதற்கு. அதைப் பசி தீர்க்கிற முதல் பந்தியாக நடத்தினோம். ரொட்டி அங்கே கரண்டி. நாங்கள் அதையே சாப்பாடாக்கினோம்.

நான்காவது, அண்ணனின் உறைப்பு. இந்தச் சமையலில் மிளகாய் முன்னால் நிற்காது. பட்டை, ஏலக்காய், சீரகம், ஆல்ஸ்பைஸ் என்று மணம்தான் முன்னால். அதைத் தூக்கி நிறுத்துவது புளிப்பு. எலுமிச்சை, தயிர், மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய பாகு, சுமாக் என்கிற செம்பழுப்புப் பொடி. (துனிசியா விலக்கு. அங்கே ஹரிஸ்ஸா மிளகாய் விழுது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதை 2022இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.) உறைப்பு வேண்டியவர்களுக்கு ஷத்தா என்கிற மிளகாய் விழுது தனியாக உண்டு. கேட்டால் தருவார்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. இன்னும் மோசம், மேசையிலேயே இருந்த எலுமிச்சைத் துண்டுகளை அலங்காரம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

பழி முழுக்க எங்கள் மேல் மட்டும் இல்லை. எட்டு ஐட்டம் நான்கு பேருக்கு அதிகம் என்று சர்வர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெஸ்ஸே முடிந்த பிறகு கிரில்லை அனுப்பியிருக்கலாம். ஹம்முஸை அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைப்பது பெரிய வேலையில்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: ஃபலாஃபில் எந்தப் பருப்பில் செய்தது என்று அட்டையில் இல்லை. லெபனான் பக்கம் ஊறவைத்த கொண்டைக்கடலையைப் பச்சையாகவே அரைத்துச் செய்வார்கள். எகிப்தில் தஅமிய்யா என்ற பெயரில் ஃபாவா பீன்ஸில் செய்வார்கள். ஜி6பிடி என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபாவா ஆகவே ஆகாது, இரத்த அணுக்கள் உடையும். எள் ஒவ்வாமை இருப்பவர்களுக்கோ, தஹினி எந்தத் தட்டில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தாகவேண்டும். எழுபது பெயருக்கு இடமிருந்த அட்டையில் இதற்கு ஒரு வரி இடமில்லை.

புதன் மதியம்

பள்ளி விடுமுறை. அண்ணன் வர மறுத்தார். “அந்தக் காஞ்ச சோறுக்கா?” என்றார். அண்ணிதான், “வாங்க, இன்னொரு தடவை பார்ப்போம், தம்பி ஆசைப்படுறான்ல” என்று கிளப்பினார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போனோம். கடை நிறைந்திருந்தது, ஆனால் முகங்கள் வேறு. தனித்தனியாக வந்த ஆண்கள், இரண்டு மாணவர்கள், ஒரு டாக்ஸி டிரைவர், ஒரு பாட்டி. பாதிப் பேர் அரபி பேசினார்கள். ஒருவர் மேசையிலும் மெனு அட்டை இல்லை. உள்ளே வருவார்கள், கரும்பலகையைப் பார்ப்பார்கள், ஒரு சொல் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தபக் அல்-யவ்ம், அதாவது அன்றைய தட்டு. அதில் வருவது தபீஹ், அதாவது பானையில் சமைக்கிற வீட்டுச் சமையல். அதை அச்சடித்த அட்டையில் போட முடியாது, ஏனென்றால் நாளுக்கு ஒரு பானை, தீர்ந்தால் தீர்ந்தது. வெளியே சாப்பிடப் போகிற அரபுக் குடும்பம் கிரில் கேட்கும். வீட்டில் கரியடுப்பு மூட்டுவது சிரமம் அல்லவா. பானைச் சாப்பாட்டைத் தேடி வருகிறவர்கள் வீட்டை விட்டுத் தூரத்தில் இருப்பவர்கள். அட்டை வெளியாட்களுக்கு, பலகை வீட்டு ஆட்களுக்கு. அந்தக் கடையின் பெயர்ப் பலகைக்குக் கீழே ‘வீட்டுச் சாப்பாடு’ என்று எழுதியிருந்ததை நாங்கள் விளம்பரம் என்று நினைத்துவிட்டோம்.

சர்வரிடம், நான்கு பேருக்கு நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். போன தடவை சொல்லாமல் விட்டதை இந்தத் தடவை அவர் தயங்காமல் சொன்னார். நான்கு பேருக்கு நான்கு ஐட்டம் போதும், ரொட்டி ஒரு கூடை, எல்லாம் நடுவில்.

முதலில் ஷோர்பத் அதஸ், மசூர் பருப்பு சூப். பருப்பு, வெங்காயம், சீரகம். மஞ்சளாக, கூழாக, ஆவி பறக்க வந்தது. எலுமிச்சையைப் பிழியச் சொல்லிச் சர்வர் கையாலேயே காட்டினார். பிழிந்த பிறகு அது வேறு சூப். குழந்தை கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது.

அடுத்தது முஜத்தரா. அரிசியும் பழுப்புப் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே கருகும் எல்லை வரை வறுத்த வெங்காயம். முஜத்தரா என்றால் அம்மைத் தழும்பு விழுந்தது என்று பொருள். வெள்ளைச் சோற்றில் புள்ளி புள்ளியாகப் பருப்பு தெரிவதால் வந்த பெயர். 1226இல் பாக்தாதில் தொகுத்த சமையல் குறிப்புகளிலேயே இது இருக்கிறது, இறைச்சி போட்டு. காலப்போக்கில் இறைச்சி கழன்று ஏழை வீட்டுச் சாப்பாடாகவும், அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலச் சாப்பாடாகவும் ஆனது. இதில் ரகசியம் எல்லாம் வெங்காயத்தில். அரை மணிக்கு மேல் அடுப்பை விட்டு நகராமல் வறுத்து, அந்த எண்ணெயையும் சோற்றிலேயே ஊற்றவேண்டும். எண்ணெய் ஆகாது என்ற அண்ணி இதை இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மக்லூபா. சொல்லுக்கே ‘தலைகீழானது’ என்றுதான் அர்த்தம். பானையின் அடியில் இறைச்சி, அதன்மேல் பொரித்த கத்திரிக்காயும் காலிஃபிளவரும், மேலே அரிசி, எல்லாம் இறைச்சி வெந்த சாற்றிலேயே வேகும். அடுப்பை அணைத்தவுடன் கவிழ்த்தால் சரிந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடவேண்டும். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அம்மா சமையற்கட்டிலிருந்து பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெரிய தாம்பாளத்தைப் பானையின் மேல் மூடி, ஒரே வீச்சில் திருப்பி, நடு மேசையில் வைத்தார். பானையின் அடியில் கையால் நான்கு தட்டு. கடை முழுக்கப் பேச்சு நின்றது. பானையை மெதுவாக உருவினார். கோபுரம் மாதிரி நின்றது, ஒரு பக்கம் மட்டும் இலேசாகச் சரிந்து ஒரு காலிஃபிளவர் உருண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் குழந்தை நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்துதான் எல்லா மேசைக்கும் பங்கு போனது.

தெரியாத நிறத்தில் எதுவும் சாப்பிடாத பிள்ளை அன்று கத்திரிக்காய் சாப்பிட்டது. கவிழ்த்ததைப் பார்த்ததால்தான் என்று நினைக்கிறேன். அண்ணன் ஷத்தா கேட்டு வாங்கி, மக்லூபாவோடு வெள்ளரி போட்ட தயிரைக் கலந்து, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். அண்ணன் சாப்பிடும்போது பேசாமல் இருந்தால் அது பாராட்டு.

நான்காவது ஐட்டம் தோற்றது, அதையும் எழுதிவிடுகிறேன். முலுகிய்யா: சணல் செடி வகை ஒன்றின் கீரை. பொடியாக நறுக்கிக் கோழிச் சாற்றில் விட்டு, கடைசியில் பூண்டும் கொத்தமல்லி விதையும் நெய்யில் பொரித்துச் சொய்யென்று கொட்டுவார்கள். எகிப்தில் கொட்டும்போது சமைப்பவர் மூச்சை உள்ளே இழுத்து ஒரு ‘ஹா’ போட்டால்தான் ருசி வரும் என்று ஒரு வழக்கம்கூட உண்டு. ருசி வந்திருந்தது. ஆனால் கீரை வெண்டைக்காய் போல வழவழவென்று நூல் விடும். குழந்தை ஒரு கரண்டி வாயில் வைத்து, “சித்தப்பா, இது வழுக்குது” என்று திரும்ப வைத்துவிட்டது. அண்ணனும் தொடவில்லை. நானும் அண்ணியும் எலுமிச்சை பிழிந்து முக்கால் கிண்ணம் முடித்தோம். இதில் சமையலுக்கும் குற்றமில்லை, சாப்பிட்டவர்களுக்கும் குற்றமில்லை. வழவழப்பு சிலருக்கு ஒத்துவரும், சிலருக்கு வராது. முதல் தடவை கோப்பையளவு கேட்டு வாங்கியிருக்கவேண்டும்.

கடைசியில் குனாஃபா. அதை நாங்கள் சொல்லவில்லை, குழந்தை நாற்காலி மேல் ஏறியதற்காக அந்த அம்மா அனுப்பியது. உப்பு நீரில் ஊறிய வெள்ளைப் பாலாடைக்கட்டியை உப்பு போக அலசி, மேலே ஆரஞ்சு நிறச் சேமியாத் தூள் வைத்து, பாகு ஊற்றிச் சூடாகத் தருவது. பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பண்டம். பாலாடைக்கட்டி இழுக்க இழுக்க வந்தது. தட்டை வைக்கும்போது “ஸஹ்தேன்” என்றார். ‘இரட்டை நலம்’ என்கிற வாழ்த்து. பதிலுக்கு “அலா அல்பக்” என்று சொல்லவேண்டுமாம், பக்கத்து மேசைப் பாட்டி சொல்லிக்கொடுத்தார். பெண்ணிடம் சொல்லும்போது “அல்பிக்” என்று மாறுமாம். அதைத் திருத்தியதும் பாட்டிதான்.

கணக்குப் பார்த்தால்

புதன்கிழமை பில், வெள்ளிக்கிழமை பில்லில் பாதியைக்கூடத் தொடவில்லை. இது எதிர்பார்க்கக்கூடியதுதான்: ஐட்டம் பாதி, அதிலும் இறைச்சி மட்டுமேயான தட்டு ஒன்றுகூட இல்லை.

ஆனால் இரண்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் ஒரு நியாயக் குறைவு இருக்கிறது. மதியம் கூட்டம் வேறு, பசி வேறு, சர்வருக்கு எங்களை ஏற்கனவே தெரியும். வெள்ளி இரவே கரும்பலகையைப் பார்த்திருந்தால்? கேட்டேன். அன்றைய பானை மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டதாம். ஆக இரவில் போயிருந்தால் பலகை தெரிந்தும் பயன் இருந்திருக்காது. அந்த நேரத்துக்கு ஏற்றது கிரில்தான்; அது சொன்ன பிறகு சுடுவது, காத்திருந்து காய்வதில்லை. ஒரு கிரில், ஒரு ஃபத்தூஷ், நிறையத் தூம், ஒரு கூடை ரொட்டி என்று நிறுத்தியிருந்தால் அந்த இரவும் தேறியிருக்கும் என்றே நினைக்கிறேன். அதை இன்னும் சோதிக்கவில்லை.

போன வாரம் அண்ணனே கடைக்குப் போன் செய்தார். அன்றைய தட்டு பாமியா, வெண்டைக்காயும் ஆட்டிறைச்சியும் தக்காளியில் வெந்த குழம்பு, இரண்டு மணிக்குள் வந்துவிடுங்கள் என்றார்களாம். “வெண்டைக்காய்னா வழுக்குமோடா?” என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டார். முழுசா வதக்கித்தான் போடுவாங்க, அவ்வளவு வழுக்காது அண்ணே என்றேன். சரி, எதுக்கும் ஷத்தா நிறைய வைக்கச் சொல்லியிருக்கேன் என்றார்.